சுகரோடு ஓடுகிறவர்களுக்கு: சாப்பாடு, தெம்பு, லோ சுகர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு டைப் 1 சர்க்கரை நோய், அதாவது கணையம் இன்சுலினே சுரக்காத வகை. சென்னையில் விடிகாலையில் ஓடும் ஒரு குழுவில் இருக்கிறேன். சுகர் உள்ளவர்கள் புதிதாக வந்து சேரும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறேன். சுகர் அளவுகள் எல்லாமே நம் ஊர் மீட்டர்கள் காட்டும் மி.கி. கணக்கு. மாத்திரையையோ இன்சுலினையோ மாற்றச் சொல்லும் இடங்களில், உங்கள் டாக்டரிடம் பேசிவிட்டு மாற்றுங்கள்.

எல்லோரும் "என்ன சாப்பிடணும்?" என்றுதான் தொடங்குகிறார்கள். ஓடும் நேரத்தில் உடம்பில் எந்த மருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் 3-வது கேள்வியை யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

1. சுகர் இருக்கிறவங்க ஓடலாமா? நடந்தா போதும்னு சொல்றாங்களே?

ஓடலாம். வாசிம் அக்ரமுக்கு 1997-ல் சர்க்கரை நோய் தெரிந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டே 2003 வரை பாகிஸ்தானுக்குப் பந்து வீசினார். பிரிட்டனின் படகோட்டி ஸ்டீவ் ரெட்கிரேவுக்கும் அதே 1997-ல்தான் தெரிந்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அவர் தன் ஐந்தாவது தங்கத்தை வாங்கினார்.

ஆனால் ஷூ வாங்குவதற்கு முன் மூன்று பரிசோதனைகளை முடித்துவிடுங்கள்: கண், கால், இதயம். விழித்திரையில் புது ரத்தக்குழாய்கள் வளர்ந்திருந்தால் கடுமையான ஓட்டம் ஆபத்து. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது. பல வருடமாகச் சுகர் உள்ளவர்களுக்கு நெஞ்சு வலி இல்லாமலேயே இதயத்தில் அடைப்பு இருக்கலாம். மூன்றும் சரி என்றால், நடையும் ஓட்டமும் கலந்து தொடங்குங்கள்.

2. ஓடினா சுகர் ஏன் இறங்குது? மருந்து போட்டாதானே இறங்கும்?

தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். சுகர் இல்லாத ஒருவர் ஓடத் தொடங்கியதும் அவருடைய கணையம் இன்சுலினைக் குறைத்துவிடும்; கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை விடும். வரவும் செலவும் சமமாகிவிடும்.

ஊசியில் போட்ட இன்சுலினைப் பாதி வழியில் குறைக்க முடியாது. கணையத்தைத் தூண்டும் மாத்திரையும் அப்படித்தான். தசை ஒரு பக்கம் இழுக்க, மருந்து இன்னொரு பக்கம் இழுக்க, கல்லீரலும் கையைக் கட்டிக்கொள்கிறது. லோ சுகருக்கு, அதாவது சுகர் 70-க்குக் கீழே இறங்குவதற்கு, காரணம் இதுதான். ஓடி முடித்த பிறகும் 24 முதல் 48 மணி நேரம் வரை உடம்பு இன்சுலினுக்கு வழக்கத்தைவிட நன்றாகக் கட்டுப்படும். சுகர்காரர்களை ஓடச் சொல்வது இந்தப் பலனுக்காகத்தான். ராத்திரி லோ ஆவதும் இதனால்தான்.

3. நான் மாத்திரை மட்டும்தான் போடறேன். எனக்கும் லோ ஆகுமா?

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. மெட்ஃபார்மின், சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின் ஆகியவை மட்டும் என்றால் லோ ஆவது அபூர்வம். கிளிமெப்பிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு இருந்தால் ஆகும், நன்றாகவே ஆகும். நம் ஊரில் இரண்டு மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்துத் தருவது வழக்கம். "நான் மெட்ஃபார்மின்தான் போடறேன்" என்று சொல்கிறவரின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் கிளிமெப்பிரைடும் இருக்கும். இன்றைக்கே உங்கள் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். எழுத்து பொடியாக இருந்தால் மருந்துக்கடைக்காரரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போடுகிறவர்களுக்கு வேறு எச்சரிக்கை. இவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால் நீரும் கூடவே போகும். சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்துக்கொண்டு நீண்ட தூரம் ஓடினால், மீட்டரில் சுகர் சாதாரணமாகத் தெரியும்போதே கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) ஏறி ஆஸ்பத்திரியில் சேரும் நிலை வரலாம். பெரிய ஓட்டத்துக்கு முன் சில நாள் நிறுத்த வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

4. காலையில வெறும் வயித்துல ஓடலாமா?

லோ செய்யாத மாத்திரைக்காரர்கள் அரை மணி, முக்கால் மணி தாராளமாக ஓடலாம். கிளிமெப்பிரைடு வகையைக் காலையில் போடுகிறவர்கள், ஓடி முடித்துவிட்டு வந்து மாத்திரையும் டிபனுமாக எடுத்துக்கொள்வது நல்லது. மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு கிளம்பவே கூடாது.

இன்சுலின் போடுகிறவர்களுக்கும் விடிகாலை வெறும் வயிறு பெரும்பாலும் பாதுகாப்பான நேரம்தான். சாப்பாட்டுக்கான இன்சுலின் அப்போது உடம்பில் இருக்காது. சிலருக்குச் சுகர் ஏறக்கூடச் செய்யும். அதை 14-ல் சொல்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுவதென்றால் யாராக இருந்தாலும் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

5. கிளம்புறதுக்கு முன்னாடி சுகர் எவ்வளவு இருக்கணும்?

இன்சுலினோ கிளிமெப்பிரைடு வகையோ எடுப்பவர்களுக்கு 126 முதல் 180 வரை நல்ல இடம். 90-க்குக் கீழே இருந்தால் 10 முதல் 20 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டு, 90 தாண்டிய பிறகே கிளம்ப வேண்டும். 90-க்கும் 125-க்கும் இடையில் என்றால் 10 கிராம் எடுத்துக்கொண்டு தொடங்கலாம். 180 முதல் 270 வரையும் ஓடலாம், நிதானமாக.

270-ஐத் தாண்டியிருந்தால், அதற்குக் காரணம் தெரியாவிட்டால், டைப் 1 உள்ளவர்கள் கீட்டோன் பார்க்க வேண்டும். ரத்தக் கீட்டோன் (இது மட்டும் மில்லிமோல் கணக்கு) 1.5 அல்லது அதற்கு மேல் என்றால் அன்று ஓட்டம் கிடையாது. உடனே டாக்டரிடம் பேசுங்கள். 0.6-க்கு மேல் இருந்தாலும் முதலில் அதைச் சரி செய்த பிறகுதான் மற்றதெல்லாம். கடந்த 24 மணி நேரத்தில் இன்னொருவர் உதவி தேவைப்படும் அளவுக்கு லோ ஆகியிருந்தால் அன்றும் ஓடாதீர்கள்.

ஒரு எண் மட்டும் போதாது. அரை மணி முன்பு ஒரு தடவை, கிளம்பும்போது ஒரு தடவை பாருங்கள். 160-லிருந்து 130-க்கு வந்த 130 வேறு, 110-லிருந்து ஏறிய 130 வேறு. முன்னதற்குக் கொஞ்சம் சாப்பிட்டாக வேண்டும். ஸ்ட்ரிப் விலை எனக்கும் தெரியும். ஆனாலும் முதல் சில வாரம் இந்தச் செலவைச் செய்யுங்கள். உங்கள் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்த பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

6. ஓடுறதுக்கு முன்னாடி என்ன சாப்பிடலாம் அண்ணா? இட்லி ஓகேவா?

இட்லி அருமையான சாப்பாடு. வெந்தது, கொழுப்பில்லாதது, சீக்கிரம் செரிப்பது. வீட்டில் வார்க்கும் சின்ன இட்லி ஒன்றில் சுமார் 10 கிராம் மாவுச்சத்து இருக்கும். ஹோட்டலின் பெரிய இட்லி 15-ஐத் தொடும். ஒன்றரை மணி நேரம் முன்பு சாப்பிட முடிந்தால் இரண்டு மூன்று இட்லி, கொஞ்சம் சட்னி. ஐந்து மணிக்கு ஓடுகிறவர்கள் அதற்காக மூன்றரைக்கு எழ முடியாது. அவர்களுக்கு ஒரு ஏலக்கி வாழைப்பழமோ இரண்டு சின்னப் பேரீச்சையோ போதும். இரண்டும் 10 கிராமை ஒட்டி வரும். பெரிய மோரிஸ் பழம் 25 கிராம் வரை போகும், அதில் பாதி சாப்பிடுங்கள்.

பொங்கல், வடை, பூரி ஓடி முடித்து வந்த பிறகு. நெய்யும் எண்ணெயும் வயிற்றிலேயே தங்கிச் செரிமானத்தைத் தாமதப்படுத்தும். தேவைப்படும் நேரத்தில் சுகர் ஏறாது, ஓட்டம் முடிந்து உட்கார்ந்த பிறகு ஏறும்.

7. ராகி, சிறுதானியம்தான் சுகருக்கு நல்லது. ஓடுறதுக்கும் அதானே?

முந்தின நாள் இரவுக்கும் மதியத்துக்கும் சரி. ஓட்டத்துக்கு அரை மணி முன்பு நார்ச்சத்து நிறைந்த சாப்பாடு வயிற்றைப் பிடிக்கும். லோ ஆகும்போது அது உதவவும் உதவாது. ராகியை மாவாக்கிக் கஞ்சியாகக் காய்ச்சினால் சுகர் வேகமாகவே ஏறும். ராகி என்ற பெயருக்காக அளவு பார்க்காமல் குடிக்காதீர்கள்.

8. சாப்பிட்டுட்டு ஓடினா ஊசி எவ்வளவு குறைக்கணும்?

சாப்பிட்டு ஒன்றரை மணி நேரத்துக்குள் ஓடப்போகிறீர்கள் என்றால், அந்த வேளைக்கான விரைவு இன்சுலினை 25 முதல் 75 சதவீதம் வரை குறைப்பது நடைமுறை. மெதுவான அரை மணி ஓட்டத்துக்கு 25-ஐ ஒட்டி, ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பாதி. இந்த எண்ணோடு டாக்டரிடம் போய் உங்களுக்கு எது சரி என்று முடிவு செய்யுங்கள். ஓடும் நாளில் தொடையில் போடாமல் வயிற்றில் போடுங்கள். வேலை செய்யும் தசைக்கு மேலே போட்ட இன்சுலின் வேகமாக ரத்தத்தில் இறங்கும்.

9. ஓடும்போது நடுவுல ஏதாவது சாப்பிடணுமா?

முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்குள் என்றால், 5-ல் சொன்ன அளவில் கிளம்பியவர்களுக்குப் பெரும்பாலும் வேண்டாம். அதற்கு மேல் போனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரேயடியாக விழுங்காமல் 20 நிமிடத்துக்கு 10, 15 கிராம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் கலந்த தண்ணீர், பேரீச்சை, ஜெல் எதுவானாலும் சரி. பந்தய நாளில் எதையும் புதிதாக முயலாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டங்களில் பழகியதையே எடுத்துச் செல்லுங்கள்.

இது சுகர்காரர்களுக்கான தனிச் சலுகை என்று நினைக்க வேண்டாம். 1924-ல் பாஸ்டன் மாரத்தான் முடித்தவர்களின் ரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தார்கள். சுருண்டு விழும் நிலையில் வந்த சிலருக்குச் சுகர் மிகத் தாழ்ந்திருந்தது. அவர்கள் யாருக்கும் நீரிழிவு இல்லை. அடுத்த ஆண்டு ஓட்டக்காரர்களுக்கு முந்தின நாள் மாவுச்சத்தும் வழியில் மிட்டாயும் கொடுத்துப் பார்த்தபோது நிலைமை தேறியது. வழியில் சாப்பிடுவது நோயாளியின் பலவீனம் என்று கூச்சப்படுகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்.

10. இளநீர், ஓ.ஆர்.எஸ்., மோர், எது குடிக்கலாம்?

நீருக்கும் உப்புக்கும் ஓ.ஆர்.எஸ். நல்லது. சென்னைப் புழுக்கத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் சட்டை பிழியும் அளவுக்கு வேர்க்கும், உப்பு வேண்டும். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். 200 மி.லி. தம்ளரில் 3 கிராம்கூட வராது. லோ ஆகும்போது அதைக் குடித்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்து.

இளநீரில் அளவைப் பொறுத்து 10 கிராமுக்குக் கொஞ்சம் மேலே சர்க்கரை இருக்கும், பொட்டாசியமும் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். மோர் வீட்டுக்கு வந்து குடிக்க ஏற்றது.

11. லோ ஆகுதுன்னு எப்படித் தெரியும்? ஓடினா எல்லாருக்கும்தானே வேர்க்குது, படபடன்னு அடிக்குது?

எனக்குப் பிடித்த கேள்வி இது. புத்தகத்தில் சொல்லும் அடையாளங்களான வியர்வை, படபடப்பு, களைப்பு மூன்றும் ஓட்டத்தில் இயல்பாகவே வரும். அதனால் வேறு அடையாளங்களைப் பழகிக்கொள்ளுங்கள். அதே வேகம் திடீரென்று மலைப்பாக இருப்பது, உதடு மரத்துப்போவது, கால் தட்டுவது, கூட ஓடுகிறவர் பேசினால் காரணமில்லாமல் எரிச்சல் வருவது, இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்ற எளிய கணக்குப் பிடிபடாமல் போவது. உங்களுக்கு முன்பே கூட ஓடுகிறவர் கவனித்துவிடுவார். ஆகவே குழுவில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.

ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் மறைந்துபோகும். வியர்வை மட்டும் மிஞ்சும். சந்தேகம் வந்தால் நின்று மீட்டரைப் பாருங்கள். மீட்டர் இல்லையா, லோ என்றே வைத்துக்கொண்டு சாப்பிடுங்கள். தேவையில்லாமல் 15 கிராம் சாப்பிட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

12. லோ ஆயிட்டா என்ன பண்ணணும்? சரியானதும் மறுபடி ஓடலாமா?

70-க்குக் கீழே என்றால் ஓட்டத்தை நிறுத்துங்கள், நடக்கவும் வேண்டாம். 15 கிராம் குளுக்கோஸ், அதாவது சுமார் மூன்று டீஸ்பூன் பவுடர் தண்ணீரில் கலந்து. 15 நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் மறுபடி 15 கிராம். 90 தாண்டி, தலை தெளிந்தால் மெதுவாகத் தொடரலாம். 54-க்குக் கீழே போயிருந்தால் அன்றைய ஓட்டம் முடிந்தது, ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போங்கள்.

வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் எடுப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மருந்துகள் சாதாரணச் சர்க்கரை குடலில் உடைவதைத் தடுக்கும். அதனால் டீக்கடைச் சர்க்கரையும் மிட்டாயும் லோவுக்கு வேலை செய்ய வெகு நேரமாகும். உங்களுக்குக் குளுக்கோஸ் பவுடரே வேண்டும். கிளிமெப்பிரைடோடு வோக்லிபோஸ் சேர்ந்த மாத்திரை நம் ஊரில் நிறையப் பேர் போடுகிறார்கள். அவர்களில் பலருக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

13. கடலை மிட்டாய், சாக்லேட் எடுத்துட்டுப் போனா போதாதா?

லோவுக்குப் போதாது. இரண்டிலும் உள்ள கொழுப்பு வேகத்தைக் குறைத்துவிடும். லோ சரியான பிறகு, மறுபடி இறங்காமல் இருக்கக் கடலை மிட்டாய் நல்லது.

14. நான் ஓடிட்டு வந்தா சுகர் ஏறியிருக்கு! 140-ல கிளம்பி 210. ஓடறதே வீணா?

வீணில்லை. வேகமாக ஓடினாலும், மேட்டில் ஏறினாலும், பந்தயப் பதற்றத்திலும் அட்ரினலின் சுரந்து, கல்லீரல் தசைக்குத் தேவையானதைவிட அதிகக் குளுக்கோஸைக் கொட்டும். விடிகாலையில் சுரக்கும் ஹார்மோன்களும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் தானே இறங்கும். அந்த 210-ஐப் பார்த்துப் பதறி அதை இறக்க முழு அளவு ஊசி போட்டால், 2-ல் சொன்னபடி உடம்பு இன்சுலினுக்கு நன்றாகக் கட்டுப்படுவதும் சேர்ந்து மதியத்துக்குள் லோவில் தள்ளிவிடும்.

பேரீச்சை தின்ற விரலில் குத்தியிருந்தால் அந்த எண்ணே பொய்யாக இருக்கலாம். கையைக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

15. சாயந்திரம் நல்லாதான் ஓடினேன். ராத்திரி 2 மணிக்கு லோ. ஏன்?

காலியான சேமிப்பைத் தசையும் கல்லீரலும் இரவு முழுக்க நிரப்பிக்கொள்கின்றன. மாலை ஓட்டத்துக்குப் பிந்தைய லோ பெரும்பாலும் தூக்கத்தில்தான் வரும். வழக்கத்தைவிட நீண்ட ஓட்டம் என்றால், இரவு போடும் நீண்ட நேர இன்சுலினை 20 சதவீதம் போலக் குறைக்க டாக்டர்கள் சொல்வதுண்டு. படுக்கும் முன் சுகர் பாருங்கள், ஒரு தம்ளர் பாலோடு ஏதாவது சாப்பிடுங்கள். அன்று மது வேண்டவே வேண்டாம். கல்லீரல் குளுக்கோஸ் விடுவதை அது தடுத்துவிடும். இப்படி அடிக்கடி நடந்தால் ஓட்டத்தைக் காலைக்கு மாற்றுங்கள்.

16. சென்சார் 95 காட்டுது, விரல்ல குத்தினா 72. எதை நம்பறது?

ஓடும்போது விரலை நம்புங்கள். உடம்பில் ஒட்டிக்கொண்டு சுகரைத் தொடர்ந்து காட்டும் சென்சார், தோலுக்கடியில் உள்ள திரவத்தை அளக்கிறது. ரத்தத்தின் மாற்றம் அங்கே போய்ச் சேரச் சில நிமிடம் ஆகும், சுகர் வேகமாக இறங்கும்போது அந்த இடைவெளி கூடும். சென்சாரில் எண்ணைவிட, சுகர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்புக்குறியைப் பாருங்கள். 110-ம் கீழ்நோக்கிய அம்பும் இருந்தால் அப்போதே சாப்பிடலாம்.

17. நான் இளைக்கத்தான் ஓடறேன். லோ ஆகும்னு சாப்பிட்டுக்கிட்டே இருந்தா எப்படி இளைக்கும்?

நியாயமான கோபம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சாப்பிட்டுச் சரிக்கட்ட வேண்டியிருந்தால், உங்கள் மருந்து உங்கள் புது வாழ்க்கைக்கு அதிகம் என்று அர்த்தம். மருந்துக்குத் தீனி போடுவதற்காக ஓட வேண்டியதில்லை. ஓடும் நாள், ஓடாத நாள், முன்னும் பின்னும் எடுத்த அளவுகள், சாப்பிட்டது எல்லாவற்றையும் இரண்டு வாரம் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். கிளிமெப்பிரைடைக் குறைக்கவோ லோ செய்யாத மருந்துக்கு மாற்றவோ முடியுமா என்று நேரடியாகக் கேளுங்கள். ஓடுகிறேன் என்று நீங்கள் சொல்லாவிட்டால், அவர் உட்கார்ந்தே இருக்கும் ஒருவருக்கான மருந்தைத்தான் எழுதுவார்.

ஆனால் லோ வந்துவிட்ட நிமிடத்தில் எடையைப் பற்றி யோசிக்காதீர்கள். அந்த 15 கிராம் குளுக்கோஸ் வெறும் 60 கலோரி.

18. விரத நாள்ல ஓடலாமா?

இன்சுலினோ கிளிமெப்பிரைடு வகையோ எடுத்தால் ஓடாதீர்கள். மற்றவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டு நடக்கலாம்.

19. ஜனவரியில மாரத்தான். முதல் நாள் நிறைய சோறு சாப்பிடணுமாமே?

10 கிலோமீட்டருக்கு அதெல்லாம் தேவையே இல்லை. அரை மாரத்தானுக்கு வழக்கமான மூன்று வேளையையும் விடாமல் சாப்பிட்டால் போதும். பயத்தில் சோற்றைக் குறைத்துவிடாதீர்கள். 42 கிலோமீட்டர் ஓடுகிறவர்கள் ஒன்றிரண்டு நாள் மாவுச்சத்தைக் கூட்டுவது உண்டு. இன்சுலின் போடுகிறவர்கள் அதற்கேற்ற ஊசியும் போட்டாக வேண்டும். இரவெல்லாம் 300-ல் இருந்தால் சிறுநீராகப் போய், காலையில் நீர் வற்றிய உடம்போடுதான் நிற்பீர்கள்.

பந்தயக் காலையில் பதற்றத்தால் சுகர் ஏறியிருந்தால் 14-ஐ நினைவில் வையுங்கள். எண் அட்டையின் பின்பக்கம் சுகர் உள்ளவர் என்றும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதி வையுங்கள்.

20. என் பையனுக்கு 13 வயசு, டைப் 1. ஸ்கூல்ல 200 மீட்டர் ஓடணும்னு அடம் பிடிக்கிறான். அனுப்பலாமா அக்கா சொல்லுங்க, அண்ணா சொல்லுங்க, யாராவது சொல்லுங்க.

அனுப்புங்கம்மா. 200 மீட்டர் அரை நிமிடத்தில் முடிந்துவிடும், அதில் லோ ஆவது அரிது. 14-ல் சொன்னபடி ஏறத்தான் வாய்ப்பு அதிகம். லோ வருவது பயிற்சியில். வெயிலில் ஒரு மணி நேரம் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பிறகு மதியச் சாப்பாடு தாமதமானால் கட்டாயம் இறங்கும். பயிற்சிக்கு முன்னும் நடுவிலும் அளவு பார்க்கட்டும், அன்று ராத்திரி 15-ல் சொன்னதைக் கவனியுங்கள்.

பி.டி. ஆசிரியரை நேரில் பாருங்கள். குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று அவர் மேஜையில், ஒன்று பையனின் கால்சட்டைப் பையில், ஒன்று வகுப்பில் நெருங்கிய நண்பனிடம். அவன் தள்ளாடினாலோ சம்பந்தமில்லாமல் கோபப்பட்டாலோ திட்டாமல் உடனே குளுக்கோஸ் கொடுக்க வேண்டும், தனியாக வகுப்புக்கோ கழிப்பறைக்கோ அனுப்பக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, உங்கள் போன் நம்பரோடு கொடுத்துவிட்டு வாருங்கள்.